ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

நூலகத்துக்கு அடியில், ஜெராக்ஸ் அறைக்குப் பக்கத்தில்
எங்களுக்கு ஒதுக்கிய அறையில்
ஜன்னல் இல்லை, பியானோ இல்லை.
சுவரில் ஒரு பழைய ஏசி.
அது பாடிக்கொண்டே இருந்தது,
ஐந்து கட்டைக்குச் சற்று மேலே,
மூச்சு வாங்காமல்.

கைப்பேசியில் தம்பூரா வைத்திருந்த அனிந்திதாதான்
முதலில் தோற்றாள்.
அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு,
சரி, இந்த ஊரில் இதுதான் ஸா என்றாள்.

சோஹார். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி,
துறைமுகப் பக்கமிருந்து இரும்பு வாடைக் காற்று.
உள்ளே இருபத்தாறு பேர்.
ஆய்வகக் கோட்டைக் கழற்றாமல் வந்தவர்கள்,
தேர்வில் கோட்டைவிட்டு வந்தவர்கள்,
மராத்தி அபங்கத்தை
மலையாள எழுத்தில் எழுதிவைத்திருக்கும் ஜிஜோ.

ஸெலியா மிஸ்ஸுக்கு வேலை வேதியியல் துறையில்.
ஒற்றைக் குரலாய்ப் பிறந்த பாட்டையெல்லாம்
நான்காகப் பிரித்து
குடுவைகளில் ஊற்றுவதுபோல் எங்களுக்கு ஊற்றினார்.
பாவுல் பாட்டில் அனிந்திதா சண்டைக்குப் போனாள்:
தனியாக அலைகிறவனின் பாட்டு மிஸ் இது,
இருபத்தாறு பேர் எப்படித் தனியாக அலைவது?
மிஸ் வெகுநேரம் தாளைப் பார்த்தார்.
பிறகு சொன்னார்:
எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விடாதீர்கள்.

கவ்வாலிக்கு ஹம்மாத் கைதட்டப் பழக்கினான்.
எங்கள் கைகள் பஸ்ஸைத் துரத்துகிறவர்கள் மாதிரி
முன்னால் ஓடின.

நடவுப் பாட்டு என் பொறுப்பு.
நாற்றை நான் தொட்டதில்லை, அதுகூடப் பரவாயில்லை,
ழகரம் என் நாக்கில் நிற்காது, ளகரமாய் வழுக்கும்.
பதினேழு முறை கேட்டிருந்துவிட்டு
இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஷம்ஸா
நாக்கை மடித்து
உழவு என்றாள்.
சுத்தமாக.
அறை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.
மிஸ் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்:
உனக்கு வார்த்தை வேண்டாம், ம் போதும்.

எட்டுப் பாட்டுக்கும் ஒரே எழுத்து.
உயிர் ஏறாத மெய்.
நானும் ஏசியும் பக்கத்தில் பக்கத்தில்.

ஏப்ரல் கடைசியில் ரொபியுல் ஏணியோடு வந்தார்.
சத்தம் அதிகம் என்று யாரோ புகார் கொடுத்தார்களாம்.
வேண்டாம் என்று கத்தினோம்.
இருபத்தாறு பேரும் ஒரே சுருதியில் சேர்ந்தது
அன்றைக்குத்தான் முதல் தடவை.
ஏணியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்,
சரிசெய்யப்பட்டது என்ற தாளில்
மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நிகழ்ச்சியன்று புது அரங்கம்.
ஏசி இருப்பதே தெரியாத ஏசி.
குளிர் வந்தது, குரல் வரவில்லை.
ஹார்மோனியம் சரியாக ஐந்தைக் கொடுத்தது,
எங்கள் தொண்டைகளோ
அந்தச் 'சற்று மேலே'யைத் தேடின.
அபங்கத்தின் முதல் வரி
பாதிப் பேருக்குப் பெட்டியில், பாதிப் பேருக்கு நினைவில்,
ஒரு பக்கம் சாய்ந்து
மேடையிலேயே விழுந்தது.

மிஸ்ஸின் கை காற்றில் நின்றது.
முன்வரிசையில் துணைவேந்தர் கால் மாற்றிப் போட்டார்.
ஷம்ஸா திரும்பி என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ம்

சங்கீத ம் இல்லை.
அந்தச் சுவரின் ம்.
அதன் தூசி, நடுவில் வரும் அந்தச் சின்ன உதறல்,
எல்லாம் சேர்த்து.

மிஸ் ஹார்மோனியத்தின் மூடியைச் சாத்தினார்.
ஷம்ஸா வந்து சேர்ந்தாள், பிறகு ஜிஜோ,
பிறகு யார் யாரென்று சொல்ல முடியவில்லை,
என் விலா எலும்புகள் அறை மாதிரி அதிர்ந்தன.
அபங்கம் எழுந்து நின்றது.
பாவுல் பாட்டில் ஒவ்வொருவராக மூச்சு விட்டோம்,
அதனால் பாட்டு எங்கேயும் நிற்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது
கதவோரம் சீருடையில் நின்ற ரொபியுல்
தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.
எங்கிருந்து வருகிறது என்று
காதைச் சாய்த்தார்.
பிறகு சட்டைப் பையில்
டார்ச்சைத் தேட ஆரம்பித்தார்.