பழி சொல்ல இருட்டில்லை

நவம்பரில் சொன்னேன்: இருட்டு.
இங்கே எல்லாரும் சொல்வதுதான்.
வார்தோவில் இரண்டு மாதம் சூரியன் எழாது.
கடைக்காரன் சொன்னான், பாதிரியாரும் சொன்னார்,
"கொஞ்சம் பொறு ஓட்வார், வெளிச்சம் வரட்டும்."

பொறுத்தேன்.
வந்தது.
வந்தது போகவே இல்லை.
இப்போது ஜூன். இரவு இரண்டு மணிக்குச்
சமையலறை மேசையில் வெயில்,
ஆடை படிந்த காபிக் கோப்பையில் வெயில்,
பிரிக்காத பதினோரு கடிதங்கள் மேல் வெயில்.
நான் மட்டும் நவம்பரில்.

துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவன்.
இருபத்தாறு வருடம், ஒரு கிலோ தவறியதில்லை.
போன வியாழன்
யோருன் பேரேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.
மூன்று படகு. மூன்றுக்கும் ஒரே எடை,
நானூற்றுப் பன்னிரண்டு.
என் கையெழுத்துதான்.
திட்டுவாள் என்று நின்றேன்.
"கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?" என்றாள்.
யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.
தெரியாதது பெரிதாகவும் படவில்லை.
அவள் முகத்தைப் பார்த்துத்தான்
அது பெரிது என்று புரிந்தது.

சுகாதார நிலையத்துக்கு இரண்டு முறை போன் போட்டு
"ஹலோ" கேட்டதும் வைத்துவிட்டேன்.
மூன்றாம் முறை சொன்னேன்: முதுகு வலி.

மருத்துவர் ரன்வெய்க் முதுகைத் தட்டிப் பார்த்தார்.
சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.
என் கண் கூசுவதைக் கண்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
"சரி, மற்றதைச் சொல்லுங்கள்" என்றார்.

ஒரு படிவம். ஒன்பது கேள்வி.
பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று.
கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது.
பொய் சொல்ல இடமிருந்தது.
பேனா அங்கேயே வெகுநேரம் நின்றது,
பிறகு உண்மையை எழுதியது.

கூட்டல் எனக்கு வரும்.
அவருக்கு முன்பே கூட்டிவிட்டேன்: பத்தொன்பது.
"அதிகமோ?"
"அதிகம்தான். இதற்குப் பேர் மனச்சோர்வு.
மருந்து இருக்கிறது."
தராசில் வைத்ததால் எந்த மீனும் இளைத்ததில்லை.
ஆனால் எத்தனை கிலோ என்று தெரிந்தால்
எத்தனை பேர் தூக்க வேண்டும் என்று சொல்லலாம்.

மாத்திரை பிடிக்க வாரங்கள் ஆகுமாம்.
வாய் உலர்ந்தது, கனவுகள் கோணலாக வந்தன.
செவ்வாய்தோறும் ஒரு பெண்ணிடம் பேச வேண்டும்;
முதல் செவ்வாய் முழுக்கக் காற்றின் திசையைப் பேசினேன்.
அதையும் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம், மணி நாலு,
கூரைமேல் கடற்காகங்கள்.
ஊரே அவற்றின் கூச்சல்தான், என்றைக்கும் இருந்ததுதான்.
எழுந்து ஜன்னலைத் திறந்து
வாய்க்கு வந்தபடி வைதேன்.
சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். எரிச்சல்.
எட்டு மாதத்தில் முதல் எரிச்சல்.

பிறகு பசித்தது.
முட்டை இல்லை.
கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.