கார்பன்

திங்கட்கிழமை இரண்டு சுவர்கள் கோர்ட்டுக்கு வந்தன.
சுவர் வராது, படம்தான் வரும்.
படத்தில் எழுத்து சரியாக விழுந்திருக்காது.
அதனால் நான் தட்டச்சு செய்ய வேண்டும்,
ஐந்து பிரதி,
நடுவில் நான்கு கார்பன்.

காலைச் சுவர் பேரணாம்பட்டு.
பஞ்சர் ஒட்டும் தசரதன்
தோல் ஷெட்டின் பின்பக்கம்
மிச்சமிருந்த சைக்கிள் பெயின்ட்டில் எழுதியது:
"இந்தக் கெணத்துத் தண்ணிய கலெக்டர்
ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டட்டும்.
டம்ளர் நான் தரேன்."

பொது அமைதிக்குப் பங்கம் என்றார் இன்ஸ்பெக்டர்.
எந்த அமைதி என்று கேட்டார் வக்கீல் ராஜாபாதர்.
கிணறு நுரைத்த ஆறு வருஷமும்
ஊர் அமைதியாகத்தான் இருந்தது,
அதுதானய்யா என் கட்சிக்காரருக்கு வருத்தம் என்றார்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
பத்தொன்பது, ஒன்று, அ.

'டம்ளர்' அடிக்கும்போது
புள்ளி காகிதத்தைத் துளைத்து
ஐந்தாம் பிரதிவரை போய்விட்டது.
எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதியம் மோர்.
வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம்
நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பகல் சுவர் குடியாத்தம்.
நர்ஸ் ஒருத்தியின் பெயர்,
அவள் தெரு, அவள் ஷிப்ட் முடியும் நேரம்,
அதன் கீழே ஒரு வரி.
எழுதியவனை அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள்.
அவனுக்கும் ராஜாபாதர்தான் ஆஜர்.
அதே கோட்டு, காலை வியர்வையின் உப்பு
காலரில் வெளுத்துத் தெரிகிறது.
அதே செருமல்.
பத்தொன்பது, ஒன்று, அ.

அரசு வக்கீலும் காலையில் வந்தவர்தான்.
இரண்டாம் உட்பிரிவை விரித்துப் படித்தார்,
கண்ணியம், நன்னெறி, அவதூறு,
நியாயமான கட்டுப்பாடுகள்.
காலையில் இதே பக்கத்தைக் காட்டித்தான்
பஞ்சர்க் கடைக்காரரை உள்ளே வைக்கச் சொன்னார்.
புத்தகத்தில் அடையாளம் வைத்த பஸ் டிக்கெட்டைக்கூட
அவர் மாற்றவில்லை.

அந்த வரி வந்தது.
நான் ஏழு புள்ளி வைத்தேன்.
மாஜிஸ்திரேட் எட்டிப் பார்த்தார்.
"முழுசா அடிங்கம்மா.
புள்ளிக்கு நான் யாரைத் தண்டிக்கிறது?"

அடித்தேன்.
அவள் மூன்றாவது பெஞ்சில்
கைப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்திருந்தாள்.
ஒவ்வொரு விசையும் அவளுக்குக் கேட்டிருக்கும்.
சுவரை மறுநாளே அவள் அண்ணன்கள்
சுண்ணாம்பால் மூடிவிட்டார்களாம்.
என் ஐந்தும் நூலில் கோத்து
பீரோவில் இருக்கும்.

இந்த ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு.
கோட்டை இருக்கு ராஜா இல்லை,
ஆறு இருக்கு தண்ணி இல்லை,
கோயில் இருக்கு சாமி இல்லை
(சாமி பிற்பாடு வந்துவிட்டார்).
நாலாவது, பெண்களைப் பற்றி.
யாரும் இதுவரை வழக்குப் போட்டதில்லை.
கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்,
நானும் இலையைப் பார்த்தபடி சிரித்திருக்கிறேன்.
அந்த நாலாவதை இங்கே அடிக்க மாட்டேன்.
இது என் காகிதம்.

இரண்டு வழக்கும் வாய்தா.
தீர்ப்பு என்ன என்று பஸ்ஸில் யாராவது கேட்டால்
தெரியாது என்றுதான் சொல்வேன்,
எனக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு மெஷினுக்கு உறை போடும்போது
மேல் கார்பனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
காலையும் பிற்பகலும் ஒரே தாள்.
டம்ளர் மேல் அவள் பெயர் ஏறிக் கிடக்கிறது,
கிணற்றுக்குக் குறுக்கே அவள் தெரு.
எழுத்துக்கு எழுத்து பிரிக்கப் பார்த்தேன், ஆகவில்லை.
விரலெல்லாம் நீலம்.

கிழித்துப் போடட்டுமா சார் என்றேன்.
சிரஸ்தார் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
"எதுக்கு?
இன்னும் எட்டு தரம் வரும்."