ஒன்றிலேயே நிற்கும் பொத்தான்

மடிப்பாக்கம் ஏரிக்குப் பின்தெருவில்
என் தண்ணீர் கேன் டிப்போ.
மேற்கு வெயிலுக்காக எப்போதும் பாதி இறங்கிய ஷட்டர்.
அதன் நிழலில்தான் என் முதல் ஜன்னல் திறந்தது:
சாம்பல் கட்டம், நடுவே ஒரு பொத்தான்.
'கேன் போச்சு' என்று அதில் எழுதியிருந்தேன்.

அழுத்தினேன். 1.
இருசப்பன் அடுத்ததை வண்டியில் ஏற்ற,
அழுத்தினேன். 1.
இருபத்தேழு கேன் தெருவுக்குப் போன பிறகும்
1.
"இன்னாக்கா, உன் பொட்டிக்கு
ஒண்ணுக்கு மேல தெரியாதா?"
ஷட்டர் தகரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தான்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று. அவன் கணக்கு அது.

ராத்திரி, தட்டில் சோறு ஆறிப்போனது.
'கணக்கு = 0' என்ற வரியை
பொத்தானின் ஃபங்ஷனுக்கு உள்ளேயே வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாய்ப் பிறக்கிறது,
ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது,
லேபிளில் எழுதிவிட்டுச் செத்துப்போகிறது.
போன அழுத்தலைப் பற்றி அதனிடம் சொல்ல
ஆளில்லை.

வரியை வெளியே தூக்கிவைத்தேன்.
இப்போது சிவப்பில் திட்டு:
மதிப்பு கொடுக்கும் முன்பே எடுக்கப் பார்க்கிறாயாம்.
வெளியே இருக்கும் கணக்கு வேறு,
உள்ளே நான் கூட்டப்போகும் கணக்கு வேறு என்று
ஃபங்ஷன் நினைத்துக்கொண்டது.
எங்கள் தெருவிலும் இரண்டு புஷ்பலதா.
எந்த புஷ்பலதா என்று சொல்லாவிட்டால்
கேன் மூன்று மாடி ஏறி, திரும்ப இறங்கும்.

'குளோபல்' என்று ஒரு சொல் சேர்த்தேன்.
வாசலில் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.
2. 3. 4.
யாருமில்லாத டிப்போவில்
எங்கும் போகாத கேன்களை
நாற்பதுவரை எண்ணினேன்.

மறுநாள் 'காலி வந்தது' என்று இன்னொரு பொத்தான்.
அதுவும் அதே கணக்கில் கைவைத்தது.
பன்னிரண்டு போய், பன்னிரண்டு வந்து,
மதியம் திரையில் பூஜ்யம்.
பொதுவில் வைத்த தொட்டியில் யாரும் மொள்ளலாம்;
லாரிக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்தவள்,
எனக்குத் தெரியாததா?
பெயரைப் பிரித்தேன்: போனவை, வந்தவை.

ஒன்பதரைக்கு
ஜன்னல் மூலையின் பெருக்கல் குறியைத் தொட்டேன்.
அறுபத்துமூன்று இருந்தது.
காலையில் திறந்தால் 0.
வெளியே என்று நான் நம்பியதும்
வேறொன்றின் உள்ளேதான் இருந்திருக்கிறது.

பூட்டைத் திறந்து
ஷட்டரை மேலே தள்ளினான் இருசப்பன்.
அறுபத்துமூன்று கோடுகளும்
தகரத்தோடு சுருண்டு உள்ளே போயின.
வெயில் ஏறியதும்
பாதி இறக்குவான்.