இரண்டாம் கியர்

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது
கறக் என்கிறது.
கொம்மெர்சியாலே தெருவின் பாதி ஏற்றத்தில்,
பின்னால் குப்பை லாரி ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பார்த்து
என்கிறது.
பின்சீட்டில் ஆறு பேரின் பற்கள்
பெயர் எழுதிய டப்பாக்களில் கிடுகிடுக்கின்றன.

நான் பல் செய்கிறவள்.
டாக்டர் அளவெடுத்து அனுப்புவார்;
மெழுகு உருக்கி, மேல்வரிசை கீழ்வரிசை கோத்து
பாலிஷ் போடுவது என் வேலை.
ட்ரியெஸ்டேயில் ஒன்பது கிளினிக்,
ஒன்பதும் ஒவ்வொரு மேட்டின் உச்சியில்.

காருக்குப் பதினான்கு வயது.
பவளச் சிவப்பு என்று சொல்லி விற்றார்கள்.
கூரை வெளுத்து இப்போது
சரியான ஈறு நிறம்.

எஜிதியோ அதைத் தூக்கி நிறுத்தினான்,
வயிற்றுக்குக் கீழே டார்ச்சோடு போனான்,
அங்கிருந்தே வாசித்தான்:
கிளட்ச் தட்டு காகிதமாகிவிட்டது
(மேட்டில் காலாலேயே பிடித்து நிற்கிறாய் நிவெஸ்,
ஹேண்ட்பிரேக் என்ன அலங்காரமா?)
தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது
அதனால்தான் ஜனவரி முழுக்க ஹீட்டர்
பெருமூச்சு மட்டும் விட்டது
பின் ஷாக் அப்சார்பர் இடது, ஒழுகல்
கதவுக் கீல், இது போராக் காற்றின் கைவரிசை.

அதை நான் மறுக்கவில்லை.
பிப்ரவரியில் துறைமுகத்தருகே கதவைத் திறந்தேன்,
காற்று அதை என் கையிலிருந்து வாங்கி
எதுவரை மடங்கும் என்று பார்த்தது.

ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் விழுந்ததை மட்டும்
நானே சரிசெய்திருந்தேன்.
உள்ளே பார்த்துவிட்டு எஜிதியோ கேட்டான்,
இது என்ன இங்கே, பிங்க் நிறத்தில்?
செயற்கை ஈறு, என்றேன்.
நல்லாத்தான் பிடிச்சிருக்கு, என்றான்.

அப்புறம்தான் சொன்னான்:
ரெண்டாம் கியருக்குப் பல் போச்சு.
எத்தனை? என்றேன், தொழில் பழக்கம்.

ஆயிரத்து நூற்றெண்பது யூரோ.
விற்றால் எண்ணூறு வரும்,
டேங்க் நிறைந்திருந்தால்.

டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு இருக்கிறது.
இன்ஷூரன்ஸ் நானூற்றுப் பன்னிரண்டு,
போன வருடமும் யாரையும் இடிக்காததற்கு.
சாலை வரி, சாலையின் குழிகளுக்கு.
ஒரு பேட்டரி, இரண்டு டயர், ஒரு அபராதம்
(மூன்று நிமிடம், சத்தியமாக மூன்றே நிமிடம்).
பெட்ரோலுக்கு எல்லை தாண்டி ஸ்லோவேனியா போவேன்,
லிட்டருக்குச் சில காசு மிச்சம்.
போன சாக்கில் வாங்கித் தின்ற ஹாமும் கேக்கும்
நோட்டில் ஏறுவதில்லை.

போன வாரம் கிளினிக்கில் கிழவர் ஃபுர்லானிச்,
வயது தொண்ணூற்றொன்று,
புது வரிசையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்:
இது எத்தனை வருஷம் வரும்?
பத்து, என்றேன்.
அப்படியானால் மூன்றுக்கு மட்டும் காசு வாங்கிக்கொள், என்றார்.

எஜிதியோவிடம் கேட்டேன், இது எத்தனை வருஷம் வரும்?
கியர்பாக்ஸா? பத்து.
கார்?
அவன் சிரித்தான், எண்ணெய்க் கையால் வாயை மறைத்து.
மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.
மேல்வரிசை, இடப்பக்கம், நான்காவது இல்லை.
ஐந்தாவது அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாயத் தொடங்கிவிட்டது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவனும் அந்தச் செலவை ஏதாவதொரு நோட்டில்
தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டிருப்பான்.

கிளட்ச் மட்டும் போடு, என்றேன்.
அதற்காகப் பெட்டியைக் கழற்றத்தானே போகிறேன்,
ரெண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்று, என்றான்.
அவன் சொல்வது சரி.
நானும் இதையே எல்லோருக்கும் சொல்கிறேன்:
திறந்தது திறந்தாயிற்று, பக்கத்துப் பல்லையும் பார்த்துவிடலாம்.
யாரும் கேட்டதில்லை.

இப்போது ஒன்றிலிருந்து நேராக மூன்று.
என்ஜின் ஒரு கணம் திக்கி
வார்த்தை கிடைக்காதவர்போல் நடுங்கி
பிறகு பிடித்துக்கொள்கிறது.
ஒரே பக்கம் மென்று பழகியவர்கள்
உலகம் முழுக்க இருக்கிறார்கள்.
ஏறுகிறோம்.
பின்சீட்டில் ஆறு பேரும்
ஒரே நேரத்தில் ஏதோ சொல்கிறார்கள்.