காரணம்: மற்றவை

டுலூத்தில் ஏப்ரல் முப்பது.
ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உடையவில்லை.
நள்ளிரவுக்குள்
ஒன்றை வைத்துக்கொண்டு
இரண்டை விட்டுவிட வேண்டும்.

மூன்று மருத்துவக் கல்லூரிகள் என்னை வா என்கின்றன.
மூன்று வருடமாகத் திரும்பிக்கூடப் பார்க்காதவை.
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியிருக்கிறது;
நான் ஓட்டையை
அளந்துகொண்டிருக்கிறேன்.

ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை.
ஊர், கட்டணம், வாடகை,
கடன் எத்தனை வயதில் தீரும்.
ஃபிலடெல்ஃபியா: பெயரைச் சொன்னாலே
வங்கிக்காரரின் புருவம் உயரும்.
கடன் தீரும்போது எனக்கு ஐம்பத்து மூன்று.
டூசான்: பாதிக் கட்டணம் தள்ளுபடி,
ஆளை விட உயரமான கள்ளிகள்,
தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.
டுலூத்: இந்தச் சமையலறை, இந்த ஃபிரிட்ஜ்.

ஆன்செல் தன் பங்குக்கு
இரண்டு பத்திகள் சேர்த்தான்:
நாய்க்கு இடம்.
கப்பல்.
குளிர்காலம் முழுக்கத் துறையில் ஒதுங்கும்
தாதுக் கப்பல்களின் வயிற்றைப்
பற்றவைக்கிறவன் அவன்.
டூசானுக்கு எதிரே அந்தக் கட்டம்
இரண்டு வாரமாகக் காலி.

நான் இரவெல்லாம் ரத்தம் எடுப்பவள்.
முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு,
பொன்நிறம், பச்சை, கடைசியில் ஊதா.
வரிசை மாறினால் ரத்தமே பொய் சொல்லும்,
இல்லாத பொட்டாசியத்தை இருக்கிறதென்று.
இதற்கும் யாராவது
ஒரு வரிசை எழுதி ஒட்டியிருக்கலாம்.
முதலில் பணமா, பயமா,
ஆன்செலின் கப்பலா?

412ஆம் அறையில் லடூசர் என்றொரு பெண்.
என் வயதுதான்.
இரண்டாவது குத்தில்தான் நரம்பு அகப்பட்டது.
'நீங்க டாக்டரா?'
இல்லை என்று ஆறு வருடம் சொல்லிப் பழகிய வாய்
இன்று ஒரு நொடி பிந்தியது.
அவள் கவனிக்கவில்லை.
பஞ்சை அழுத்திக்கொண்டு
டிவியில் வானிலை பார்த்தாள்.

பதினொன்று பத்து. ஓய்வறை.
காசு வாங்கிக்கொண்ட இயந்திரத்தில்
விழாமல் தொங்குகிறது ஒரு சிப்ஸ் பாக்கெட்.

போன வருடம் நான் காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன்.
எத்தனாவது என்று சொல்ல மாட்டார்கள்.
ஜூலை வரை குளிக்கும்போதும்
சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போன்.
ஒருநாள் ஒலித்தது.
கார் இன்சூரன்ஸ்காரன்.
அவனிடம் அழுதுவிட்டேன்.
பாவம், அவன்
மேலும் பத்து சதவீதம் குறைப்பதாகச் சொன்னான்.

அப்போது எங்கோ ஒருத்தி
மூன்றை மடியில் கட்டிக்கொண்டு
நிதானமாக அட்டவணை போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.
முகம் தெரியாத அவளை
எப்படியெல்லாம் திட்டினேன்!
இன்றைக்கு
அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்,
என் காலணியைப் போட்டுக்கொண்டு.

ஃபிலடெல்ஃபியாவை முதலில் விட்டேன்.
கடையில் போட்டுப் பார்த்து, விலைச்சீட்டைப் படித்து,
திரும்ப மாட்டிவைத்த கோட்டு மாதிரி
தோளில் கொஞ்ச நேரம் இருந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு.
ஆன்செலிடமிருந்து ஒரு படம்.
ஃபிரிட்ஜ் கதவு. அந்தக் கட்டம்.
'கப்பல் இல்லை. பார்த்துக்கலாம்.'
பென்சிலால் எழுதியிருந்தான்.
பேனா அதே காந்தத்தில்தான் தொங்குகிறது.

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.
பாலம் பதிலுக்கு ஊதியது.
பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்;
அதற்கு அர்த்தம் வைத்துப் பார்க்க
இன்று நேரமில்லை.

டுலூத்தை விட்டேன்.

நாளையோ, அடுத்த வாரமோ,
ஒரு டயர்க் கடையிலோ, குழந்தை தூங்கும் அறையிலோ
ஒரு போன் அடிக்கும்.
இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்து
எடுக்காமல் விட்டுவிடாதே, பெண்ணே.

திரை என்னை எளிதில் விடவில்லை.
காரணம் கேட்டது.
கீழே ஒரு பட்டியல்:
கட்டணம். தூரம். குடும்பம். மற்றவை.
குடும்பத்தின் மேல் விரல் கொஞ்சம் நின்றது.
மற்றவை என்று கொடுத்துவிட்டு
நாலு மணிச் சுற்றுக்குக்
குழாய்களை அடுக்கப் போனேன்.
நீலம் முதலில்.