அண்ணாந்து

புதிதாய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.
'நீங்களே இம்மருத்துவமனையின் இதயம்' என்ற
முதல் ஸ்லைடிலேயே நின்றுபோனது புரொஜெக்டர்.
குத்தாயிசியில் பிப்ரவரி மாதம்
மின்சாரமும் விறைத்துப்போகும்.

சரி, எழுந்து வாருங்கள் என்றேன்.
லாமாராவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.
இரண்டாம் மாடி நடைவழி முழுக்கத் தள்ளினோம்,
அவள் முகத்துக்கு மேலே
மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே.
நான்தான் பேசச் சொன்னேன்.

லிஃப்ட் வாசலின் இரும்புப் பட்டியில்
சக்கரம் ஏறி இறங்கியது.
பல்லைக் கடித்தாள்.
பேச்சு நிற்கவில்லை.

ஏழாம் அறையில் கிடத்தி
அழைப்பு மணியைக் கை எட்டாத இடத்தில் வைத்து
வெளியேறினோம்.
நான்கு நிமிடம்.
அவளுக்கு அது எவ்வளவோ.

திரும்பியபோது
கூரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்:
"அந்த ஈரக்கறை எத்தனை நாளாய் இருக்கிறது?"

பதினோரு வருடமாய் இந்த அறைக்கு வந்துபோகிறேன்.
அண்ணாந்தேன்.
ரியோனி ஆறு வளைகிற மாதிரி
பழுப்பாய், அகலமாய்.
தெரியாது என்றேன்.

கையேட்டில் மூன்றாம் பக்கம்: ஊக்கம்.
அதை யாரும் பிரிக்கவில்லை.

கலைந்து போகையில்
கடைசியாய் நடந்த ஓதார்
மணியை எடுத்து
ஆளில்லாத தலையணை ஓரம்
வைத்துவிட்டுப் போனான்.