இரண்டாம் ஞாயிறு

இதே கட்டடத்தில் பதினோரு வருஷம்
காலை நாலரைக்கு விசில் ஊதியவன் நான்.
திருச்செங்கோடு ரோட்டில் இறங்கி
கோழிப்பண்ணை வாடையைத் தாண்டி வந்தால்
சுவரில் இன்னும் பாதி உரியாமல் தெரியும்:
இயற்பியல், இருநூற்றுக்கு இருநூறு.

பரீட்சை மாறியது. முதலாளி மாறினார்.
பிள்ளைகள் வருவது நின்றுபோய்
நாலு வருஷம் புறாக்கள் குடியிருந்தன.
பிறகு கீழ்த்தளத்தில்
பன்னிரண்டு கட்டில் போட்டோம், வயதானவர்களுக்கு.

முதல் வேலை, மணியைக் கழற்றியது.
அடுத்தது, கதவுக்கெல்லாம் உள்தாழ்ப்பாள்.
அந்தக் காலத்தில் அது கிடையாது,
படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருந்தோம்.
இப்போது ஆளுக்கொரு சாவி.
துளசிமணி அம்மா குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

எழுகிற நேரத்துக்கு எழுந்தால் போதும்.
பத்து மணிக்கும் காப்பி உண்டு.
அரிசியும்பருப்பும் யார் வீட்டுப் பக்குவம் என்று
தினம் ஒரு வழக்கு நடக்கும் அடுப்படியில்.
படுக்கைப்புண் வராமல்
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடச்
சுகந்தி இருக்கிறாள், கொல்லிமலைக்காரி.
அவள் சம்பளம் தாமதமாகும் மாதங்களில்
நான் முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொள்வேன்.

விசில்கள் ஒரு பெட்டி மிச்சமிருந்தன.
தலைமாட்டுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன்.
ராத்திரியில் அவர்கள் ஊதுகிறார்கள்,
நான் ஓடுகிறேன்.

யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது
எனக்கும் என் நோட்டுக்கும்தான் தெரியும்.
பாவாயி தருவது பென்ஷனில் பாதி.
நாலு லாரி வைத்திருந்த ராக்கியண்ணன் தருவது முழுசு.
வந்த புதிதில் தன் தட்டைத் தானே கழுவித்
தனியாகக் கவிழ்த்து வைத்தார்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒருநாள் மூச்சு முட்டி
விசில் எட்டாமல் அவர் கிடந்தபோது
சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஊதியது பாவாயி.
தட்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.
தாயம் உருட்டும்போது மட்டும் ஒரே கட்சி.

ஒன்பதாம் அறை அவர் கேட்டு வாங்கியது.
பெயிண்ட் அடிக்க வந்தவனிடம்
அலமாரிக்குப் பின்னால் மட்டும் வேண்டாமென்றார்.
அங்கே பென்சில் கோடுகள், ஐந்தைந்தாக.
எண்பத்து மூன்று.
மகன் பூபதி பதினாறு வயசில் எண்ணிய நாட்கள்.

அன்றைக்கு இரண்டாம் ஞாயிறுதான் பெற்றோர் பார்க்கும் நாள்.
லோடு இறக்கிவிட்டு அவர் வந்துசேர நாலு ஆகும்.
நாலரைக்கு நான் ஊதிவிடுவேன்.
அந்த அரைமணியில்
கச்சாயத்தைத் தின்றுகொண்டே அழ
ஒரு பையன் பழகிக்கொண்டதைப் பார்த்தவன் நான்.

இப்போது பார்க்கும் நாள் என்று ஒன்றில்லை.
எப்போதும் வரலாம், ராத்திரி தங்கலாம், பாய் இருக்கிறது.
ஆனாலும் பூபதி வருவது இரண்டாம் ஞாயிறு.
காரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.
என்னைக் கண்டதும் கை தானாக
கழுத்துப் பித்தானைத் தேடுகிறது.
"உள்ள வரலாமுங்களா சார்?"

நான் வாய் திறப்பதற்குள்
ராக்கியண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.
"அவரை என்னத்துக்குடா கேக்கற?
என்ற ரூமு. வா."

ஆபீஸில் போன்.
இராசிபுரத்திலிருந்து ஒரு பெண்:
அப்பாவுக்குப் பக்கவாதம், மில்லில் இனி லீவு இல்லையாம்.
"கட்டில் எப்பங்க காலியாகும்?"
கேட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறாள்.
இங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்று
அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மாடியில் பதினாலு அறை பூட்டிக் கிடக்கிறது.
சாய்தளம் வேண்டும். இன்னும் மூன்று சுகந்தி வேண்டும்.
பழைய மாணவர் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.
அத்தனை பேரும் என் விசிலுக்கு எழுந்தவர்கள்.
வார்டன் பேசுகிறேன் என்றால்
காசு தருவார்களோ, போனை வைத்துவிடுவார்களோ.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிடலாம் என்று
தள்ளிவைக்கிறேன்,
மூன்றாவது நாளாக.